கிராமத்து மருத்துவமும் மருந்து அலமாரியும்

கிராமங்களில் தரமான மருத்துவம் கிடைக்க முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் மருத்துவர் பற்றாக்குறையைச் சொல்வார்கள், அதில் தவறில்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், மருந்து அலமாரியைத்தான் முதலில் சொல்வேன்.

நான் பணியில் சேர்ந்தது 1989இல், இராமநாதபுரம் மாவட்டத்தில் வானம் பார்த்த பூமியை நம்பிய ஓர் ஊரில். அன்று மாத்திரைகள் பெரிய டப்பாக்களில் உதிரியாக வரும். ஈரக்காற்றில் பிசுபிசுத்துப் போனவற்றை ஒதுக்கிவிட்டு, மீதியைக் காகிதத் துண்டில் மடித்துக் கொடுப்போம். இருமல் மருந்து வேண்டுமென்றால் நோயாளியே வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர வேண்டும். கேட்காத மருந்து வந்து குவிந்து காலாவதியாகும். கேட்ட மருந்து பாதி ஆண்டிலேயே தீர்ந்துவிடும். தீர்ந்தால், வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதித் தருவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு நாள் கூலியை விட்டு நடந்து வந்தவர் அந்தச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினால், அடுத்த முறை நோய் முற்றிய பிறகு நேரே மதுரைக்குத்தான் போவார். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இன்றும் அந்த முகங்கள் மனத்தைவிட்டு அகலவில்லை.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டு, மறு ஆண்டு செயல்படத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. மாநிலம் முழுமைக்குமான மருந்துகளை ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி, நிறுவனங்கள் சூட்டும் வணிகப் பெயரில் அல்லாமல், மருந்துப் பொருளின் மூலப்பெயரில் வாங்கியதால் விலை வெகுவாகக் குறைந்தது. மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும், தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்ட மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகும். தேறிய பிறகே எங்களுக்குக் கிடைக்கும். உதிரி மாத்திரைகளின் இடத்தை, ஒவ்வொன்றும் தனித்தனியே மூடப்பட்ட மாத்திரைப் பட்டைகள் பிடித்தன. அரசு முத்திரை அச்சிடப்பட்டதால் அவற்றைக் கடைக்குத் திருப்பிவிடுவதும் கடினமாயிற்று.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது பாஸ்புக் முறையை. எங்கள் நிலையத்துக்கான ஆண்டு ஒதுக்கீடு ரூபாய்க் கணக்கில் அதில் எழுதப்பட்டிருக்கும். எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை நாங்களே முடிவுசெய்து கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம். அதன் விலை மட்டும் கழிக்கப்படும். எங்கள் பகுதியில் மழைக்கு முன்பே வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைக் கூடுதலாக எடுத்துவைப்பது, ஊரை அறிந்தவர் கையில் முடிவு இருந்ததால்தான் முடிந்தது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே வழியில் கழகங்களை அமைத்தன.

இருந்தும், அலமாரி நிறைந்தால் எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாழ்நாள் முழுவதும் வேண்டும். அதற்காக மாதந்தோறும் ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழப்பது முதியவருக்கும் தனித்து வாழும் பெண்ணுக்கும் பெரும் சுமை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது என்பதால் அதை மனமார வரவேற்கிறேன்.

மாத்திரை வீடுவரை வந்துவிட்டது. இன்சுலினுக்கு வேண்டிய குளிர்ச்சி இன்னும் எல்லா வீட்டுக்கும் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஓட்டு வீட்டில், பெரிய மண்பானையில் ஈர மணலைப் பரப்பி, அதன் நடுவே சிறு பானை ஒன்றை இறக்கி, அதற்குள் இன்சுலின் குப்பியை வைத்துக்கொள்ளும் வழியை எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் அந்த மணல் காயாதிருக்க, காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளிக்க வேண்டும்.