சோக் எடுத்தா அணையுற குவாட் பைக்

கேள்வி: வணக்கம் அண்ணே. என் மச்சான் நியூசிலாந்துல, சவுத்லேண்ட் பக்கம் ஒரு பால் பண்ணையில வேலை பாக்குறான். அங்க பழைய குவாட் பைக் (நாலு சக்கர பைக்) ஒண்ணு வாங்கியிருக்கான், காத்தையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புற கார்புரேட்டர் உள்ள வண்டி. பிப்ரவரியில வாங்கினப்ப நல்லாத்தான் ஓடுச்சாம். இப்ப ஜூலை, அங்க குளிர்காலம், விடிகாலைல புல்லெல்லாம் பனி உறைஞ்சு கிடக்குது, வண்டி சோக் போட்டாதான் புடிக்குது, எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் சோக்க எடுத்த உடனே அணைஞ்சிடுது, திராட்டில் அழுத்தினா டப் டப்னு வெடிக்குது. குளிருக்கு அப்படித்தான் இருக்கும், பேட்டரி மாத்துன்னு சொல்றாங்களாம். மாத்தணுமா? (ஒரு வாசகர், யீஷூன்)

பதில்: தம்பி, பேட்டரி வாங்க வேணாம்னு மொதல்ல மச்சானுக்கு மெசேஜ் போட்டுடுங்க. பேட்டரி வீக்கா இருந்தா ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து சுத்தும், இல்ல டிக்குனு சத்தம் மட்டும் வரும். இவருக்கு எஞ்சின் புடிக்குது, புடிச்ச பிறகுதான் நிக்குது, அது பெட்ரோல் பக்கத்து பிரச்சனை.

20 டிகிரியில இருந்து மைனஸ் 2க்கு இறங்கினா காத்தோட அடர்த்தி 8 விழுக்காடு போல ஏறிடும், அதே நேரத்துல குளிர்ந்த பெட்ரோல் சரியா ஆவியாகாது, அதனால உள்ள போற கலவையில காத்து கூடி பெட்ரோல் குறையுது, இததான் லீன்னு சொல்றோம். சோக் போட்டா அந்தக் குறைய நிரப்பிடுது. அது எல்லா கார்புரேட்டர் வண்டிக்கும் உள்ளதுதான், ஆனா எஞ்சின் சூடான பிறகும் சோக் இல்லாம நிக்க மாட்டேங்குதுன்னா அது குளிர் இல்ல, என் கணிப்பு பைலட் ஜெட் பாதி அடைச்சிருக்கு. ஐடில்ல, அதாவது திராட்டில் அழுத்தாம எஞ்சின் சும்மா ஓடுறப்ப, பெட்ரோல் குடுக்குறதே அந்த ஜெட்தான், ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பிப்ரவரி சூட்டுல அந்தப் பாதி ஓட்டையே போதுமானதா இருந்திருக்கும், இப்ப பத்தல.

ஆனா உடனே கார்புரேட்டர கழட்ட வேணாம். பெட்ரோல் டேப்ப மூடிட்டு, கார்புரேட்டர் அடியில பெட்ரோல வடிக்கிறதுக்கு இருக்குற சின்ன ட்ரெயின் ஸ்க்ரூவ தளர்த்தி வர்றத ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிக்க சொல்லுங்க. தண்ணி இருந்தா அடியில தனியா தங்கும். டேங்க் பாதி காலியாவே கிடந்தா ராத்திரி குளிர்ல உள்ள ஈரம் படிஞ்சு தண்ணி சேர்றது சகஜம், அந்த தண்ணி ஒரு துளி உறைஞ்சாலே ஜெட்ட அடைச்சிடும். பெயின்ட் வாடை அடிச்சா பழைய பெட்ரோல், டேங்க்கோட கொட்டிட்டு புதுசு ஊத்தணும். அப்புறமும் அதே கதைன்னா கழட்டலாம். ஜெட்டுக்குள்ள கம்பி விட்டு குத்தவே கூடாது, பித்தளை, ஓட்டை பெருசாயிட்டா அளவே போச்சு. கார்புரேட்டர் க்ளீனர் அடிச்சு காத்து குடுங்க, வெளிச்சத்துல புடிச்சா வட்டமா தெரியணும்.

கழட்டுறப்ப கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல உள்ள ரப்பர வளைச்சு பாக்க சொல்லுங்க, பழைய ரப்பர் குளிர்ல விறைச்சு வெடிப்பு விடும், அது வழியா காத்து இழுத்தாலும் இதே அறிகுறிதான், ஜெட்ட எத்தனை வாட்டி கழுவினாலும் சரியாகாது. அதுவும் நல்லா இருந்தா வால்வ் இடைவெளிய (கேப்) பாக்கணும், ராத்திரி முழுக்க ஆறின எஞ்சின்ல, மேனுவல்ல போட்டிருக்குற அளவுக்கு. வால்வ் டைட்டா இருக்குற வண்டி குளிர்ல ரொம்ப படுத்தும்.

இன்னொரு விஷயமும் கேளுங்க. நல்லா ஓடிட்டிருந்து நடுவுல சக்தி குறைஞ்சு நின்னு, பத்து நிமிஷம் விட்டா தானா சரியாகுதா? அது வேற, கார்புரேட்டர் தொண்டையில ஐஸ் புடிக்குது. பெட்ரோல் ஆவியாகுறப்ப சூட்ட இழுத்துக்கும், காத்துல ஈரமும் இருந்தா சைபருக்கு மேல 10 டிகிரி வரைக்கும்கூட இது நடக்கும்.

கடைசியா, சூடாகட்டும்னு கொட்டாய் கதவ சாத்திட்டு எஞ்சின ஓட விடவே கூடாது தம்பி, புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, வாடையே தெரியாது, ஆளையே கொன்னுடும். இத இன்னைக்கே போன் பண்ணி சொல்லிடுங்க.

கேள்வி: சிங்கப்பூர்ல பனியே இல்ல, ஆனா ப்ளாக் கார்பார்க்ல ரெண்டு மாசம் நின்ன என் பழைய பைக்கும் இப்ப சோக் இல்லாம ஓட மாட்டேங்குது அண்ணே, ஏன்? (ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: இங்க 20 டிகிரிக்கு கீழ இறங்குறதே அபூர்வம், சூடான வண்டிக்கு சோக் தேவையே இல்ல. நின்ன பெட்ரோல் ஆவியாகி பிசின் மாதிரி படிஞ்சிருக்கும், அதே பைலட் ஜெட்தான். மேல சொன்ன மாதிரி பெட்ரோல வடிச்சு பாத்துட்டு வொர்க்‌ஷாப்புக்கு போங்க, புது கார்புரேட்டர் போடணும்னு சொன்னா ஜெட்ட கழட்டி காட்ட சொல்லுங்க.