தேக்கை வெட்டலாம், வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம்

கேள்வி: ஆலங்குடி பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் அப்பா வைத்த தேக்கு மரங்களை வெட்டி விற்க வேண்டும். மர வியாபாரி, "வனத்துறை வேலையெல்லாம் என் பொறுப்பு, நாலு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்" என்கிறார். நம்பலாமா? வேலியில் ஒரு சந்தனமும் இருக்கிறது.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

சமவெளிப் பட்டா நிலத்தில் தேக்கு வெட்டுவதைவிட, வெட்டியதை லாரியில் ஏற்றுவதுதான் வில்லங்கம். 1968-ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகளின்படி, தேக்கைக் கொண்டுபோக வனத்துறை பர்மிட் வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் (நிலத்தில் என்ன இருக்கிறது என்ற கிராமப் பதிவேடு), கிராம நிர்வாக அலுவலர் சான்று ஆகியவற்றோடு வனச்சரக அலுவலகத்தில் நீங்களே விண்ணப்பம் கொடுங்கள். அடங்கலில் தேக்கு ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே மாதங்கள் போகும். கன்றை இலவசமாகக் கொடுத்து "நடு, நடு" என்கிற அரசு, அது மரமானதும் உரிமையாளரையே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. இந்த அலைச்சல்தான் தரகருக்குச் சோறு போடுகிறது.

வியாபாரி கேட்கும் வெற்றுத்தாள் எதற்குத் தெரியுமா? உங்கள் நிலத்தில் இருப்பதைவிடக் கூடுதல் மரம் எழுதி பர்மிட் வாங்கினால், காட்டில் திருடிய தேக்கும் உங்கள் பெயரில் பயணம் போகும். பிடிபட்டால் வழக்கு பட்டாதாரர் வீட்டு வாசலுக்கு வரும். மர எண்ணிக்கை, துண்டு எண்ணிக்கை, வண்டி எண், தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. பர்மிட் நகலும் உங்களிடம் இருக்கட்டும்.

இனி அந்தச் சந்தனம். பறவை எச்சத்தில் முளைத்ததோ, நீங்கள் நட்டதோ, தேக்கோடு சேர்த்து விலை பேசவே கூடாது. 2002 வனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மரம் உங்களுடையதுதான்; ஆனால் வெட்டுகிற கை உங்களுடையது அல்ல. 2008-இல் வந்த பட்டா நிலச் சந்தன மர விதிகளின்படி விண்ணப்பித்தால், வனத்துறை வந்து எடுத்து, தன் கிடங்கில் வைத்து விற்று, செலவு கழித்துப் பணம் தரும். திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் கிடங்குகள் இதற்கானவைதான். காய்ந்து நின்றாலும் காற்றில் சாய்ந்தாலும் இதே கதைதான். "விறகுதானே" என்று ஒரு கிளையைக்கூடக் கொடுக்காதீர்கள். இரவில் யாராவது அறுத்துக்கொண்டு போனால் மறுநாளே போலீசிலும் வனத்துறையிலும் புகார் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் விற்றது நீங்களே என்பார்கள்.

கடைசியாக அளவு. வியாபாரி மரத்தின் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார். 4 அடிச் சுற்று, 10 அடி நீளம் என்றால் அவர் கணக்கில் 10 கன அடி. உண்மையில் உருளையில் இருப்பதோ 12.7. சந்தை வழக்கம் அது, மாற்ற முடியாது. ஆனால் அதற்கு மேலும் பட்டை, வெள்ளைக் கட்டை (பட்டையை ஒட்டிய வெளிர் மரம்) என்று கழித்தால் விடாதீர்கள். "மொத்தமாகத் தோப்புக்கு இவ்வளவு" என்கிற பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள். மரத்தின் நடுப்பகுதியில் டேப் வைத்து ஒவ்வொன்றாக எழுதி, வெட்டுவதற்கு முன் முக்கால் பணத்தைக் கணக்கில் வாங்குங்கள். மீதி, லாரி கிளம்பும் முன்.