ஸ்கேன் நார்மல்தான், பையன் கபடி ஆடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பள்ளிக் கபடி அணியில் கார்னர், அதாவது ஓரத்தில் நின்று பிடிப்பவன். நான்கு நாட்களுக்கு முன், பாடி வந்த ரெய்டரின் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது, அந்தப் பையனின் முழங்கால் இவன் நெற்றிப்பொட்டில் இடித்துவிட்டது. மயங்கவில்லை, வாந்தியும் இல்லை. சிடி ஸ்கேன் நார்மல். ஆனால் தலைவலி போகவில்லை. படிக்க உட்கார்ந்தால் எரிந்து விழுகிறான். அடுத்த வாரம் குறுவட்டப் போட்டி. பி.டி. சார் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். அடுத்த வாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சிடி ஸ்கேன் எடுப்பது மண்டையோட்டில் விரிசல் இருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்க. அது இல்லை என்றால் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்று ஆறுதல் அடையலாம். ஆனால் உங்கள் மகனுக்கு இருப்பதாகத் தோன்றுவது கன்கஷன், அதாவது மூளை அதிர்வு. அது ஸ்கேனில் தெரியாது. மூளை குலுங்கும்போது நரம்பு செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்ய செல்களுக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் வேண்டும். அந்த நேரம் பார்த்து மூளைக்கு ரத்த ஓட்டமும் குறைகிறது. புத்தகத்தைத் திறந்தால் தலை வலிப்பதும் கோபம் வருவதும் இதனால்தான். திமிர் என்று திட்டாதீர்கள்.

மயக்கம் வந்தால்தான் கன்கஷன் என்பது தவறு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நினைவு தப்புவதே இல்லை. உடனே தெரிய வேண்டும் என்பதும் கிடையாது. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. பரிசோதனையில் தேறி, அன்றே திரும்பி வந்து பேட் செய்தார். மறுநாள் காலையில்தான் அறிகுறிகள் தலைகாட்டின. அவருக்குப் பதில் மார்னஸ் லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் வரலாற்றில் முதல் கன்கஷன் மாற்று வீரர் அவரே. அணி மருத்துவர் பக்கத்தில் இருந்தபோதே இப்படி. பள்ளி மைதானத்தில் தண்ணீர் தெளித்து, ஸ்ப்ரே அடித்து, ‘ஒண்ணுமில்லடா, எந்திரி’ என்பதைப் பரிசோதனை என்று சொல்ல முடியாது.

களத்தில் சந்தேகம் வந்தால் பெயர், ஊர் கேட்டுப் பயனில்லை. அதெல்லாம் சரியாகச் சொல்லிவிடுவான். இது எந்த மைதானம், இப்போது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசிப் புள்ளி யார் எடுத்தது, போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா என்று கேளுங்கள். ஒன்றில் தடுமாறினாலும் வெளியே உட்கார வையுங்கள். எல்லாம் சரியாகச் சொல்லியும் தள்ளாடினால், மந்தமாக இருந்தால், வெளிச்சம் கூசுகிறது என்றால், அப்போதும் அன்று ஆட்டம் கிடையாது.

ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் சிலவற்றைப் பார்த்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்: ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, வலிப்பு, இரட்டையாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, கடுமையான கழுத்துவலி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கம். அடிபட்ட இடத்திலேயே கழுத்துவலி என்றால் யாரும் தூக்கி உட்கார வைக்கக் கூடாது.

மற்றபடி மருத்துவர் பார்த்து அனுப்பிய பிள்ளையை இரவெல்லாம் தட்டி எழுப்பத் தேவையில்லை. தூக்கம்தான் மருந்து. வலிக்கு, எடைக்கேற்ற அளவு பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் முதல் இரண்டு நாள் வேண்டாம், ரத்தக்கசிவு இருந்தால் கூட்டும். உடற்பயிற்சிக்கு முன் மாத்திரை போடவே கூடாது. அறிகுறியை மறைத்துவிடும்.

முன்பெல்லாம் இருட்டறையில் படுக்க வைப்பார்கள். விளையாட்டில் ஏற்படும் கன்கஷன் பற்றி 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சர்வதேச மாநாட்டின் பரிந்துரைகள் அதை ஏற்கவில்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, மொபைல் குறைவு, வீட்டுக்குள் நடமாட்டம். அதற்கு மேல் முழு ஓய்வு குணமாவதைத் தாமதப்படுத்தும். உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான். முதலில் பள்ளிக்கு அனுப்புங்கள். தேவையானால் அரை நாள், இருபது நிமிடம் படித்தால் ஐந்து நிமிடம் இடைவெளி, இப்போதைக்குத் தேர்வு வேண்டாம் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். முழு நாள் பாடம் தாங்காத தலை கபடியைத் தாங்காது.

உடற்பயிற்சியை நாடித்துடிப்பை வைத்து ஏற்றலாம். 16 வயதுக்கு உச்சத் துடிப்பு ஏறத்தாழ 204. முதலில் நடை, நின்ற இடத்து சைக்கிள்: துடிப்பு நிமிடத்துக்கு 112-ஐத் தாண்டாமல், அதாவது 15 விநாடிக்கு 28. அது ஒத்துக்கொண்டால் மெல்லோட்டம், 15 விநாடிக்கு 35 வரை. தலைவலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இரண்டு வரை கூடி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் அன்று நிறுத்தி மறுநாள் தொடருங்கள். அடுத்தது தனியாகக் கால்வேலை, திசை மாற்றி ஓடுவது. டுப்கி (பிடிப்பவர்களின் கைக்கு அடியில் குனிந்து நழுவுவது), டைவ் இரண்டும் இப்போது வேண்டாம்.

இதுவரை லேசான அறிகுறி இருக்கலாம். இதற்கு மேல் இருக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது மட்டுமல்ல, மூச்சிரைக்க ஓடிய பிறகும். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கிறது என்று நேராக ஆட்டக்களத்தில் இறக்கிவிடுகிறார்கள். அறிகுறி முழுவதும் போன பிறகே அணியோடு, பிடி இல்லாத பயிற்சி. பிறகு மருத்துவரின் எழுத்து அனுமதி, அதன்பின் பிடியோடு பயிற்சி, கடைசியில் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அணியோடு பயிற்சியில் அறிகுறி திரும்பினால், மறுபடி தனிப் பயிற்சிக்கு.

கணக்குப் பார்த்தால் ஒரு வாரத்தில் முடியும்போலத் தோன்றும். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். பிரிட்டனில் 2023-இல் வந்த அடித்தள விளையாட்டு (தொழில்முறை அல்லாத, சாதாரண அளவிலான விளையாட்டு) வழிகாட்டுதல், அடிபட்ட 21 நாட்களுக்குள் போட்டி கூடாது என்கிறது. பி.டி. சாரிடம் இந்த எண்ணையே சொல்லுங்கள். குணமாகாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் திடீரென வீங்கி உயிரே போகலாம். அரிதுதான், ஆனால் பெரும்பாலும் பதின்வயதினருக்கே நேர்ந்திருக்கிறது. அணியில் இடம் போய்விடும் என்ற பயத்தில் பையன் வலியை மறைப்பான். ஆகவே இடம் காத்திருக்கும் என்று பயிற்சியாளர் வாயாலேயே அவனிடம் சொல்ல வையுங்கள்.

நான்கு வாரம் தாண்டியும் தலைவலி, கிறுகிறுப்பு இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்துத் தசைகளும் காதின் சமநிலை உறுப்பும் காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் பிசியோதெரபி உண்டு.