போர்வெல் தண்ணீரும் பவளமல்லியும்

? அக்கா, ஆறு மாதமாக, இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளில் செடியைக் கிடத்தி வெயிலில் காட்டி நீலப் படம் எடுக்கிற சயனோடைப் அச்சைப் பழகுகிறேன். வெயிலில் நன்றாக விழும் படம், தண்ணீரில் அலசி முடிப்பதற்குள் வெளுத்துவிடுகிறது. கெமிக்கல் மட்டமா?
- வாசகி, மயிலாடுதுறை

கெமிக்கலைத் திட்டாதீர்கள் தங்கச்சி. வீட்டில் போர்வெல் தண்ணீர்தானே? பருப்பு லேசில் வேகாது, குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படியும் என்றால் ஆள் அதுதான். இந்த நீலம் இரும்பிலிருந்து வருவது. சோப்பில் இருக்கிற மாதிரிக் காரத்தன்மை பட்டால் கலைந்துவிடும், அந்தத் தண்ணீரில் அது இருக்கும். அலசுகிற தண்ணீரில் ஒரு மூடி வினிகர் விடுங்கள், இல்லையென்றால் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். நான் ஐப்பசி மழையை மொட்டை மாடியில் பிடித்துக் குடங்களில் மூடி வைத்துக்கொள்கிறேன். சோப்புக் கையோடு தாளைத் தொட்டு, அருமையாக வந்த ஒரு நாணல் படத்தில் என் விரல்கள் மஞ்சளாகப் பதிந்த கதையும் உண்டு.

ஆனால் முதல் அலசலிலேயே தண்ணீர் நீலமாக ஓடினால், குற்றம் தண்ணீர் மேல் இல்லை, வெயில் போதவில்லை. செடி மறைக்காத இடம் பச்சையிலிருந்து நீலமாகி, அதையும் தாண்டி, தேய்க்காத பித்தளைச் சொம்பு மாதிரி மங்கிச் சாம்பல் பூக்கும். அதுவரை செடிமேல் அழுத்தி வைத்த கண்ணாடியை எடுக்காதீர்கள். சித்திரை உச்சி வெயிலில் எனக்குப் பத்து நிமிஷம். மார்கழியில் அரை மணி நேரம்கூட ஆகிறது. அலசியதும் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். ஒரு நாள் காற்றாடினால் நீலம் ஏறிவிடும்.

? சென்னையில் இருக்கும் ஒருவர், தன் பூர்வீக வீட்டுப் பவளமல்லியை அச்சுப் போட்டுத் தரச் சொல்லி அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். போய்ப் பார்த்தால் மரத்தை வெட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பவளமல்லி நிற்கிறது. இலையில் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?
- வாசகர், திருவாரூர்

தெரியாதுதான் தம்பி. இருந்தாலும் செய்யாதீர்கள். இதில் கேமரா கிடையாது, செடியே தாள்மேல் படுத்தால்தான் உருவம் விழும். தன் வீட்டு மரம் அந்தத் தாளில் கிடந்தது என்பதற்குத்தான் அவர் காசு கொடுக்கிறார். 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி இந்த முறையைக் கண்டுபிடித்தார். மறு வருஷமே அன்னா அட்கின்ஸ் என்கிற அம்மாள் பிரிட்டனின் கடற்பாசிகளை ஒவ்வொன்றாகக் கிடத்தி அச்சிட ஆரம்பித்துவிட்டார். தாளிலேயே பாசியின் பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் நானும் ஓஎச்பி ஷீட் என்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளில் செடியின் பெயர், ஊர், தேதி எழுதி ஓரத்தில் வைத்து அச்சிடுகிறேன். உங்கள் படத்தில் எந்த ஊரை எழுதுவீர்கள்?

2018 நவம்பரில் கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் ஒரு வீட்டு மாமரம் வேரோடு சாய்ந்தது. அடுத்த வருஷம் அந்த வீட்டுப் பிள்ளை என்னிடம் வந்து அந்த மரத்தைக் கேட்டார். எங்கே போவேன்? மரம் விழுந்த குழியில் இப்போது என்ன முளைத்திருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள் என்றேன். கீழாநெல்லியும் குப்பைமேனியும் வந்தன. கொண்டுவந்தவர் முகம் சுருங்கித்தான் இருந்தது. பழைய செய்தித்தாளில் இரண்டு நாள் வைத்து அழுத்தினேன், ஈரத்தோடு வைத்தால் கண்ணாடிக்குள் வியர்த்துக் கறையாகிவிடும். கீழாநெல்லியின் இலைக்கடியில் மணிமணியாகத் தொங்குமே காய், அத்தனையும் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்திருந்தன. அவருடைய அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, யார் யாருக்கெல்லாம் மஞ்சள் காமாலைக்கு அதை அரைத்துக் கொடுத்தார் என்று ஒரு மணி நேரம் சொன்னாராம். மாமரப் பேச்சே எழவில்லையாம்.

நீங்கள் இன்றைக்கே சென்னைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அப்புறம், அடிக்கட்டை இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பவளமல்லி வெட்டினாலும் துளிர்க்கிற ஜாதி. கட்டையைத் தோண்டி எடுத்திருக்காவிட்டால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

? ஆர்டருக்கு என்ன விலை சொல்வது?
- வாசகி, பாபநாசம்

நல்லதாக ஒன்று தேற எனக்கு நாலைந்து தாள் வீணாகும். அவற்றுக்கும் சேர்த்துத்தான் விலை. பாதிப் பணம் முன்னால் வாங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தேதி கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்து மழையில் பூசிய தாளே காயாது, வெயிலுக்கு எங்கே போவது?

நேர் வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று சொல்லியே படத்தைக் கொடுங்கள். மாட்டி வெளிறிப்போனால் சில நாள் இருட்டில் வைக்கட்டும், பெரும்பாலும் திரும்பிவிடும். கும்பகோணத்தில் ஒரு மாமிக்கு இதைச் சொன்னேன். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன், நீலம் திரும்பிவிட்டது என்று சந்தோஷமாகப் போன் செய்தார். மறுபடி வெளுத்துவிடுமோ என்று பயந்து, இன்னும் வெளியே எடுக்கவில்லையாம்.