முதல் நாளே வகுப்புக்குப் போங்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஆகஸ்ட் பாதியைத் தாண்டினால் கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் செமஸ்டர் தொடங்கிவிடும். நம் வீடுகளில் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்றே சொல்கிறோம். பட்டப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைக் குறைந்த கட்டணத்தில் படிக்கக்கூடிய அரசுக் கல்லூரிகள் இவை. மாநிலம் முழுவதும் 116 கல்லூரிகள், ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இப்படியொரு கல்லூரியில் மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசனை சொல்லும் கவுன்சிலராகப் பத்தொன்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதற்கு முன்பு, முப்பத்தாறு வயதில், வேறொரு சமுதாயக் கல்லூரியில் மாணவியாகவும் இருந்திருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி செமஸ்டரின் முதல் இரண்டு வாரங்களைப் பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற காலாண்டு முறைக் கல்லூரிகள் செப்டம்பர் பிற்பகுதியில்தான் திறக்கும். அங்கே படிப்பவர்கள் தேதிகளை மட்டும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேதியியல் வகுப்பின் காத்திருப்போர் பட்டியலில் நான்காவது இடத்தில் இருக்கிறேன். திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. இடம் இல்லாத வகுப்புக்குப் போய் என்ன பயன்? (மாணவி, சன்னிவேல்)

போங்கள், அம்மா. கட்டாயம் போங்கள். பத்தொன்பது ஆண்டுகளில் நான் மிக அதிகமாகச் சொன்ன வாக்கியம் இதுதான்.

முதல் நாள் வராத மாணவரின் பெயரை நீக்கிவிட்டு, காத்திருப்பவருக்கு அந்த இடத்தைத் தரும் அதிகாரம் பேராசிரியருக்கு உண்டு. பலர் அதை உடனே செய்கிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காவது எண்காரர் வீட்டில் இருந்து, ஏழாவது எண்காரர் நேரில் இருந்தால் இடம் ஏழாவது நபருக்குப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இணையவழி வகுப்பென்றால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நிதியுதவிப் பணத்தைத் திருடுவதற்காகப் போலிப் பெயர்களில் விண்ணப்பித்து இடம்பிடிக்கும் கும்பல்கள் சில ஆண்டுகளாக இந்தக் கல்லூரிகளைப் படாதபாடு படுத்துகின்றன. ‘கோஸ்ட் ஸ்டூடண்ட்’ என்று இங்கே பெயர். நாற்பது பேர் சேர்ந்திருப்பதாகத் திரை காட்டும். அவர்களில் சிலர் மனிதர்களாகவே இருக்க மாட்டார்கள். அதனால்தான் முதல் சில நாட்களுக்குள் உள்ளே நுழைந்து அறிமுகக் குறிப்பு எழுதாதவர்களைப் பேராசிரியர்கள் இப்போது தயங்காமல் நீக்குகிறார்கள். இடம் கிடைத்தவர்களும் இதை மறந்துவிடக் கூடாது. “பணம் கட்டியாயிற்று, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றிருந்த உண்மையான மாணவர்களும் இப்படி இடத்தை இழந்திருக்கிறார்கள்.

வேதியியல் என்பதால் ஒரு எச்சரிக்கை. விரிவுரை வகுப்பில் கூடுதலாக ஒரு நாற்காலி போட்டுவிடலாம். ஆய்வகத்தில் மேசைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்க மாட்டார்கள்; அது பாதுகாப்பு விதி. ஆகவே ஆய்வகத்தின் முதல் வகுப்பையும் தவறவிடாதீர்கள். இன்று இரவே பேராசிரியருக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: பெயர், மாணவர் எண், வகுப்பின் பிரிவு எண், காத்திருப்பில் எத்தனையாவது இடம், திங்களன்று வருகிறேன் என்ற செய்தி. உங்கள் கஷ்டங்களை அதில் விவரிக்க வேண்டாம்.

பேராசிரியர் சம்மதித்தால் உங்களுக்கு ஒரு சேர்க்கை எண் தருவார். அந்த எண் கையில் இருந்தால் மட்டும் நீங்கள் மாணவி ஆகிவிட மாட்டீர்கள். கல்லூரியின் இணையதளத்தில் அதை உள்ளிட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். அந்த எண்ணுக்குக் கடைசித் தேதியும் உண்டு. சேர்க்கை எண்ணை நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஒழுங்காக வகுப்புக்கு வந்த ஒரு பையன் என் முன்னால் அமர்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவன் எழுதிய தேர்வுத் தாள்கள் எல்லாம் இருந்தன, அவன் பெயர்தான் பட்டியலில் இல்லை.

கேள்வி: என் மகனுக்குப் பதினெட்டு வயது. வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறானா என்று கல்லூரியில் கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள். கட்டணம் கட்டுவது நான். இது என்ன நியாயம்? (தாய், ஃப்ரீமான்ட்)

உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அலுவலகத்தில் இருப்பவர் விதியை மீறிச் சொன்னால் அவருக்குத்தான் சிக்கல். ஃபெர்ப்பா என்ற 1974-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருடையது. உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும், அந்தக் கல்லூரிப் பாடத்தைப் பொறுத்தவரை இதே விதிதான். மகன் எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுத்தால் கல்லூரி உங்களிடம் பேசலாம்.

அந்தப் படிவத்தில் அவனிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று வீட்டில் போர் தொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “உன் பாடத் திட்டத்தைக் காட்டு, முதல் தேர்வு எப்போது?” என்று கேளுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் பேராசிரியர் முதல் வாரத்திலேயே அதைக் கொடுத்துவிடுவார். அதில் எல்லாத் தேதிகளும் இருக்கும். நீங்கள் அறிய வேண்டியதில் பெரும்பகுதி அந்த நான்கைந்து பக்கங்களில் கிடைத்துவிடும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பற்றியும் பேச வேண்டும். “சொந்தக்காரர்களிடம் எந்தக் கல்லூரி என்று சொல்ல முடியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது மனம் கனத்தது. உங்கள் மகன் அந்த முகத்தைத் தினமும் பார்க்கிறான், அம்மா. இம்மாநிலத்தில் வசிப்பவருக்கு இங்கே ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகுக்கு, 46 டாலர். 2012-லிருந்து அந்தக் கட்டணம் உயரவில்லை. இரண்டு ஆண்டு ஒழுங்காகப் படித்தால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாற்றலாகிப் போகலாம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றிய சமுதாயக் கல்லூரி மாணவருக்கு முன்கூட்டியே இட உத்தரவாதம் தருகின்றன. அதற்கான விண்ணப்பம் ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டுமே. மகன் முதலாண்டு என்றால் அடுத்த செப்டம்பருக்கு இப்போதே கவுன்சிலரைப் பார்த்துத் திட்டம் போடட்டும். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் இந்த உத்தரவாதத்தில் இல்லை. ஆனால் மாற்றல் மாணவர்களை அவையும் ஒவ்வொரு ஆண்டும் பெருமளவில் எடுத்துக்கொள்கின்றன.

கேள்வி: அக்கா ‘இங்கிலீஷ் 1ஏ’ படித்தாள். எனக்கு ‘இங்கிலீஷ் சி1000’ என்று வருகிறது. தவறான வகுப்பில் சேர்ந்துவிட்டேனா? (மாணவர், மில்பிடாஸ்)

இல்லை, தம்பி. கல்லூரிக்குக் கல்லூரி எண் மாறுவதால் மாணவர்கள் ஒரே பாடத்தை இருமுறை படித்த கொடுமை இங்கே நெடுங்காலம் நடந்தது. 2021-இல் வந்த சட்டம் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொது எண் வேண்டும் என்றது. 2025 இலையுதிர் செமஸ்டரிலிருந்து ஆங்கிலம், புள்ளியியல், உளவியல் போன்ற சில பாடங்கள் ‘சி’ எழுத்தோடு வருகின்றன. மற்றவை படிப்படியாக மாறும். அக்கா பெற்ற யூனிட்டுகளுக்கு எதுவும் ஆகாது.

கேள்வி: திருமணமாகி எட்டு மாதங்களுக்கு முன் காரைக்குடியிலிருந்து வந்தேன். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா. பி.காம். முடித்திருக்கிறேன். நான் படிக்க முடியுமா? ஆங்கிலம் பேசவே கூச்சமாக இருக்கிறது. (வாசகி, சான் ரமோன்)

படிக்கலாம். எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் போதும். மாணவர் விசாக்காரர்களைப் போல முழுநேரம் படிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கட்டண விஷயத்தில் நான் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டாம். செமஸ்டர் தொடங்குவதற்கு முன் ஓராண்டுக்கு மேல் கலிஃபோர்னியாவை வீடாகக் கொண்டு வாழ்ந்ததைக் காட்டினால் அந்த 46 டாலர் கட்டணம். காட்ட முடியாவிட்டால் வெளியாருக்கான கட்டணம், அது பல மடங்கு. எச்-4 விசாக்காரர்கள் அப்படி வசிப்புரிமையைக் காட்ட முடியும். நான் சேரப் போனபோது இங்கே வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் வீட்டு வாடகை, மின்கட்டணம், வங்கிக் கணக்கு எல்லாம் கணவர் பெயரில். என் பெயரில் ஒரு காகிதம்கூட இல்லை. மூன்று ஆண்டு இந்த மண்ணில் சமைத்து, குழந்தை பெற்று, வரி செலுத்தும் குடும்பத்தில் வாழ்ந்தவள் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி இல்லை என்றார்கள். கவுண்டரை விட்டு நகர எனக்குக் கால் வரவில்லை.

ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். வங்கியில் உங்கள் பெயரையும் சேருங்கள். ஓட்டுநர் உரிமம் எடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும். ஒவ்வொரு காகிதத்தையும் தேதியோடு ஒரு கோப்பில் வையுங்கள்.

ஓராண்டு முடியும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். யூனிட் கணக்கில் வராத வகுப்புகளுக்குச் சமுதாயக் கல்லூரிகளில் கட்டணம் இல்லை. பல கல்லூரிகள் பெரியவர்களுக்கான ஆங்கிலத்தை அப்படி நடத்துகின்றன. அந்த அறையில் வியட்நாம் பாட்டி இருப்பார், எல் சால்வடோர் தச்சர் இருப்பார், ஆப்கானிஸ்தானில் மருத்துவராக இருந்தவரும் இருப்பார். எல்லோருக்கும் உங்கள் கூச்சம்தான். பி.காம். சான்றிதழ்களைக் காரைக்குடியிலிருந்து இப்போதே வரவழைத்துவிடுங்கள். பின்னால் பட்டத்தை மதிப்பீடு செய்யும்போது பல்கலைக்கழகத்தின் முத்திரையிட்ட உறை கேட்பார்கள், அது வந்து சேர மாதக்கணக்காகலாம்.

கேள்வி: புத்தகம் ஒன்றே 180 டாலர். முதல் நாளே வாங்க வேண்டுமா? (மாணவர், ஹேவர்டு)

முதல் வகுப்பு முடியட்டும். பேராசிரியர் பழைய பதிப்பு போதும் என்று சொல்லக்கூடும். நூலகத்தில் சில மணி நேரத்துக்கு இரவல் தரும் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுப்பாடத்தை இணையத்தில் செய்வதற்கு ஒரு நுழைவுக் குறியீடு தேவையா என்பதையும் கேளுங்கள். தேவையென்றால் பழைய புத்தகம் மட்டும் வாங்கினால் உதவாது. அடுத்த செமஸ்டரில், பாடநூல் செலவே இல்லாத வகுப்புகளைத் தேடிச் சேருங்கள். கால அட்டவணையில் அவற்றுக்குத் தனிக் குறியீடு போட வேண்டும் என்று 2016-லேயே சட்டம் இயற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: வாகனம் நிறுத்த இடமே கிடைப்பதில்லை. (மாணவி, சான் ஹோசே)

முதல் இரண்டு வாரம் நாற்பது நிமிடம் முன்னதாகப் போங்கள். ஐந்தாவது வாரத்தில் பாதி இடம் காலியாக இருக்கும். அவசரத்தில் ஊழியர்களுக்கான இடத்தில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: இரவு வேலை பார்த்துக்கொண்டு 15 யூனிட் எடுத்திருக்கிறேன். முதல் வாரமே மூச்சு முட்டுகிறது. ஒரு பாடத்தை விட்டுவிட நினைக்கிறேன். போகாமல் நின்றுவிட்டால் அவர்களே நீக்கிவிடுவார்கள் அல்லவா? (மாணவர், யூனியன் சிட்டி)

இல்லை, தம்பி. இந்த நம்பிக்கையால் கெட்டவர்களில் நானும் ஒருத்தி. என் இரண்டாவது செமஸ்டரில் மகளுக்கு அம்மை போட்டது. கணக்குப்பதிவியல் வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன், அவர்களே நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். டிசம்பரில் ‘எஃப்’ வந்தது, அதாவது தோல்வி. அந்த எழுத்து என் மதிப்பெண் சராசரியை எங்கே இழுத்துக்கொண்டு போயிற்று என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் வாரத்தில் வராதவரைப் பேராசிரியர் நீக்குவது வேறு. நடுவில் நின்றுவிட்டவரை அவர் நீக்கியே ஆக வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பது வேறு.

விடுவதென்றால் நீங்களே இணையதளத்தில் விட வேண்டும். இரண்டு தேதிகளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். முழு செமஸ்டர் வகுப்புகளில் முதலாவது தேதி ஏறத்தாழ இரண்டாவது வாரக் கடைசியில் வரும். அதற்குள் விட்டால் பதிவில் சுவடே இருக்காது, பெரும்பாலும் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இரண்டாவது தேதி செமஸ்டரின் முக்கால் பங்கு முடிவதற்குள் வரும். அதற்குள் விட்டால், பாடத்தை விட்டதைக் குறிக்கும் ‘டபிள்யூ’ என்ற எழுத்து பதிவாகும், சராசரியைப் பாதிக்காது, ஆனால் பணம் போனது போனதுதான். எட்டு வார வகுப்புகளுக்கு இத்தேதிகள் வேறு, மிக விரைவாக வந்துவிடும்.

விடுவதற்கு முன் இரண்டு அலுவலகங்களில் கேளுங்கள். நிதியுதவி பெறுபவரானால், எடுத்த யூனிட்டுகளில் பொதுவாக 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும். ‘டபிள்யூ’ வாங்கிய பாடமும் எடுத்த கணக்கில்தான் சேரும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவரானால், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதியில்லாமல் 12 யூனிட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது, விசாவே கேள்விக்குறியாகிவிடும். இரண்டும் இல்லையென்றால் ஒரு பாடத்தை நிம்மதியாக விடுங்கள். 12 யூனிட்டே முழுநேரப் படிப்புதான். உடம்பு தாங்க வேண்டும்.

கேள்வி: இதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது. வாடகை கட்டியபின் சாப்பாட்டுக்குப் பணம் போதவில்லை. மதியம் தண்ணீர் குடித்துச் சமாளிக்கிறேன். வீட்டில் சொன்னால் அம்மா உடைந்துவிடுவார். (வெளிநாட்டு மாணவர், ஊர் குறிப்பிடவில்லை)

உங்கள் கடிதத்தை முதலில் படித்தேன், கடைசியில்தான் பதில் எழுத முடிந்தது.

2021-இல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு சமுதாயக் கல்லூரியிலும் அடிப்படைத் தேவைகளுக்கான மையம் ஒன்று இருந்தாக வேண்டும். வளாக வரைபடத்தில் ‘பேசிக் நீட்ஸ்’ என்று தேடுங்கள். பெரும்பாலும் அங்கேயோ பக்கத்திலோ உணவுப் பொருள்கள் கொடுக்கும் அறை இருக்கும். மாணவர் அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். என் கல்லூரியில் விசா எது, தகப்பனார் சம்பளம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. அரிசி, பருப்பு, முட்டை, பால், டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலை எல்லாம் வைத்திருப்பார்கள். வளாகத்துக்குள்ளேயே வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வேலை செய்ய எஃப்-1 விசாவில் அனுமதி உண்டு. நூலகம், உணவகம், பயிற்சி மையம் மூன்றிலும் இந்த வாரமே பெயர் கொடுங்கள். செப்டம்பருக்குள் அந்த இடங்கள் நிரம்பிவிடும். வளாகத்துக்கு வெளியே கையில் காசு தருகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

அறை திறக்கும் நேரம் கதவில் ஒட்டியிருக்கும். முதல் வாரத்தில் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். தோளில் மாட்டும் பையைக் காலி செய்துகொண்டு போங்கள், தம்பி. நாளைக்கே போங்கள்.