வீட்டுப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோகும் முன்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

சென்ற வாரம் தாங்களும் தங்கள் துணைவியாரும் மைத்துனரும் என் அறையில் அமர்ந்து இரண்டு மணி நேரம் பேசினீர்கள். யாருடைய எதிர்காலத்துக்காக அந்தப் பேச்சு நடந்ததோ அந்தப் பையன், தங்கள் மகன், வாய் திறந்தது ஒரே ஒரு முறைதான்; மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்த என் மின்விசிறியைப் பார்த்து, "கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும்" என்றார். மறுநாள் அதை மாற்றினேன். அவர் சொன்னது சரி. தங்கள் கவலை நியாயமானது என்று அன்று ஆறுதல் கூறினேன். ஆனால் நான்கு ஆண்டு கம்ப்யூட்டர் பொறியியல், பிறகு வீட்டை அடமானம் வைத்து அமெரிக்காவில் எம்.எஸ். என்ற திட்டத்துக்கு என்னால் தலையாட்ட முடியாது.

படிப்புக்கான விசா வேறு, பணி விசா வேறு. அமெரிக்காவில் எச்-1பி எனப்படும் பணி விசாவுக்கு மாணவர் விண்ணப்பிப்பதில்லை, நிறுவனம்தான் அவருக்காக விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு 65,000 இடங்கள், அங்கேயே முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடங்கள் என்பதே வரம்பு. பதிவுகள் அதைத் தாண்டும்போது குலுக்கல் நடக்கிறது. படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கக் கிடைக்கும் அவகாசம், அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களுக்கு நீட்டிப்பையும் சேர்த்து, 3 ஆண்டுகள். அதற்குள் குலுக்கலில் பெயர் விழாவிட்டால் பையன் திரும்பி வரலாம், ஆனால் கடன் அப்படியே நிற்கும். பிரிட்டனில் திறன்மிகு பணியாளர் விசாவின் பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்துவிட்டது. கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் பற்றித் தங்கள் மைத்துனரே விரிவாகச் சொல்லிவிட்டார், அவற்றை விடுவோம்.

அன்றைய பேச்சில் யாரும் எடுக்காத வழி ஒன்று உண்டு. ஜெர்மனியில் அவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சி, அதிலும் தங்கள் மகனுக்கென்றே அமைந்ததுபோல் தோன்றும் மெக்கட்ரானிக்ஸ் பயிற்சி. இயந்திரம், மின்சாரம், கட்டுப்பாட்டு மென்பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்த தொழில் அது; காலம் மூன்றரை ஆண்டுகள். வாரத்தின் பெரும்பகுதி தொழிற்சாலையிலும், ஓரிரு நாள்களோ அல்லது சில வாரங்கள் தொடர்ச்சியாகவோ தொழிற்கல்விப் பள்ளியிலும் கழியும். தொழில், வணிகச் சபை நடத்தும் தேர்வு இரண்டு பகுதிகளாக வரும்; முதல் பகுதி பயிற்சியின் நடுவிலேயே வந்துவிடுவதால், கடைசி நாளில் அதிர்ச்சி காத்திருப்பதில்லை.

இதில் விசாவுக்கு அடிப்படையே நிறுவனத்துடன் செய்துகொள்ளும் பயிற்சி ஒப்பந்தம்தான். அந்நாட்டுக் குடியிருப்புச் சட்டத்தின் 16அ பிரிவின்கீழ், கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலோடு அந்த விசா வழங்கப்படுகிறது. பொதுவாக ஜெர்மன் மொழியில் பி1 எனப்படும் இடைநிலைத் தேர்ச்சி கேட்கப்படும். பள்ளியிலும் தேர்விலும் எல்லாம் ஜெர்மனில்தான் என்பதால், அதற்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. பயிற்சிகள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குகின்றன. நல்ல நிறுவனங்கள் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே ஆள் தேர்ந்தெடுத்துவிடும். எனவே இன்று மொழி வகுப்பில் சேர்ந்தால் பையன் விமானம் ஏற ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும் என்றே கணக்கிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தில் நடக்கும் இந்தப் பயிற்சிக்குக் கல்விக் கட்டணம் கிடையாது; மாறாக, நிறுவனமே மாதந்தோறும் ஊதியம் தருகிறது. 2025-இல் தொடங்கிய பயிற்சிக்கு முதலாண்டில் சட்டப்படியான குறைந்தபட்சம் மாதம் 682 யூரோவாக இருந்தது. தொழிற்சங்கத்துடனான கூட்டு ஊதிய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட உலோக, மின்பொறியியல் நிறுவனங்களில் முதலாண்டிலேயே 1,000 யூரோவுக்கு மேல். சமூகக் காப்பீட்டுக்கான பிடித்தம் போக மீதிதான் கைக்கு வரும். அது வாழ்க்கைச் செலவுக்குப் போதாது என்று தூதரகம் கருதினால் குறையும் தொகைக்கு முடக்கக் கணக்கு, அதாவது மாதந்தோறும் குறிப்பிட்ட அளவே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு, காட்ட வேண்டும். வாரம் 20 மணி நேரம் வரை வேறு வேலை செய்யவும் அனுமதி உண்டு. தாங்கள் செலவிட வேண்டியவை மொழி வகுப்பு, தேர்வு, விசா, பயணம், முதல் சில மாத வாடகையும் முன்பணமும். இதற்கு மேல், "இடம் வாங்கித் தருகிறோம்" என்று பெருந்தொகை கேட்கும் முகவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பயிற்சியில் தேறியபின், கற்ற தகுதிக்கு ஏற்ற வேலை கிடைத்தால், 18அ பிரிவின்கீழ் திறன்மிகு பணியாளராக அங்கேயே தொடரலாம். தகுதிச் சான்று ஜெர்மனியிலேயே பெற்றது என்பதால் அதற்குத் தனி அங்கீகாரம் தேட வேண்டியதில்லை. பட்டதாரிகள் நாடும் நீல அட்டை என்ற பணி அனுமதிக்கு 2025-இல் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோவாக இருந்தது. 18அ பிரிவில் தங்கள் மகன் வயதினருக்கு அப்படியோர் எல்லை இல்லை, உள்ளூர்த் தொழிலாளிக்கு இணையான ஊதியம் இருந்தால் போதும். அப்படி 2 ஆண்டுகள் வேலை பார்த்து, 24 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் செலுத்தியிருந்தால், மற்ற நிபந்தனைகளோடு நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

"நம் வீட்டுப் பையன் ஸ்பானர் பிடிப்பதா?" என்று தங்கள் மைத்துனர் கேட்டார். அந்தத் தொழிலில் மேலே படித்துப் பெறும் மைஸ்டர் தகுதியை ஜெர்மனியின் தகுதிச் சட்டகம் இளநிலைப் பட்டத்துக்கு நிகராக, 6-ஆம் நிலையில் வைத்திருக்கிறது. அவர் மனம் இதனால் ஆறாவிட்டாலும் பரவாயில்லை, வட்டி கட்டப்போவது அவர் அல்லர்.

சிரமங்களையும் மறைக்க மாட்டேன். நிறுவனம் பெரும்பாலும் சிறிய ஊரில் இருக்கும், வேலை விடியற்காலையில் தொடங்கும், வகுப்பில் கற்ற ஜெர்மன் ஒன்றாகவும் பட்டறையில் கேட்கும் ஜெர்மன் வேறொன்றாகவும் இருக்கும். அதிகபட்சம் 4 மாதங்கள் நீளும் தகுதிகாண் காலத்தில் இரு தரப்பும் முன்னறிவிப்பின்றி விலகலாம். பையன் தவறு இல்லாமல் பயிற்சி முறிந்தால், வேறு இடம் தேட 6 மாதங்கள் வரை அவகாசம் கிடைக்கும். பையனுக்கு இயந்திரங்களில் விருப்பம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் நான் எழுதிய எதுவும் பொருந்தாது. அதை அவர்தான் சொல்ல வேண்டும், தாங்களோ நானோ அல்ல.

ஆகவே வரும் சனிக்கிழமை காலை அவரைத் தனியாக அனுப்பி வையுங்கள். அதுவரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.