கதவருகே காத்திருக்கும் பூனை

அன்புள்ள ஐயா,

எங்கள் அம்மா போன மாதம் தவறிவிட்டார். அவர் தினமும் கோயிலுக்குப் போய்த் திரும்பும் ஏழு மணிக்கு எங்கள் பூனை இன்றும் கதவருகே போய் உட்காருகிறது. "வெறும் பழக்கம், அதற்கு யோசனை ஏது" என்கிறான் தம்பி. மிருகங்களுக்கு உணர்ந்து யோசிக்கத் தெரியுமா? தன்னைத் தானே நினைத்துப் பார்க்குமா?

மீனாட்சி, ஈசூன்

அன்புள்ள மீனாட்சி,

அம்மாவின் பிரிவு மனதை வாட்டுகிறது. பூனை உட்காருவது பழக்கம்தான் என்றே வைத்துக்கொள்வோம். பழக்கத்துக்குள் எதிர்பார்ப்பு இருக்கக் கூடாதா? நமக்கு இருக்கிறதே.

உணர்வு வேறு, தன்னைப் பற்றிய நினைப்பு வேறு. பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் உணர்வு எழத் தேவையான நரம்பு அமைப்பு இருக்கிறது என்று 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இரண்டாவதுதான் கடினமான கேள்வி.

2001இல் ராபர்ட் ஹாம்ப்டன் என்ற விஞ்ஞானி ரீசஸ் குரங்குகளுக்கு ஒரு ஞாபகச் சோதனை வைத்தார். திரையில் ஒரு படம் வந்து மறையும். சற்று நேரம் கழித்து, சோதனையை எழுதுகிறாயா, விட்டுவிடுகிறாயா என்று குரங்கிடம் கேட்பதுபோல ஒரு வாய்ப்பு வரும். எழுதி, முன்பு பார்த்த படத்தைச் சரியாகக் காட்டினால் வேர்க்கடலை, தவறினால் ஒன்றுமில்லை. விட்டுவிட்டால் அவ்வளவாகப் பிடிக்காத தீனி உறுதி. இடைவெளி நீள நீள, குரங்குகள் விட்டுவிடுவதும் கூடியது. கட்டாயமாக எழுதியபோது செய்ததைவிட, தாமாக எழுத முன்வந்தபோது நன்றாகச் செய்தன. 'எனக்கு மறந்துவிட்டது' என்று தனக்குள் தெரிவதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

சிங்கப்பூரின் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கப் பக்கம் ஒரு நீள்வால் குரங்கு கிளை நுனியில் நின்றதைப் பார்த்தேன். எதிர்மரத்தைப் பார்த்தது, கிளையை ஒருமுறை அழுத்திப் பார்த்தது, திரும்பி வேறு வழியாக இறங்கிவிட்டது. அந்தத் தயக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று மிருகத்துக்குப் புரிகிறதா என்று பார்க்கும் கண்ணாடிச் சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். 1970இல் கார்டன் கேலப் என்ற உளவியலாளர் சிம்பன்சிகளிடம் அதைச் செய்தார். 2006இல் நியூயார்க்கில் ஹேப்பி என்ற ஆசிய யானை கண்ணாடியைப் பார்த்துத் தன் தலையில் இட்ட குறியைத் தும்பிக்கையால் தொட்டது, கூட இருந்த இரண்டு யானைகள் தொடவில்லை. அவற்றுக்குத் 'தான்' என்பதே இல்லை என்றா அர்த்தம்? நாய் மோப்பத்தால் வாழ்கிறது. தன் சிறுநீரின் வாடை மாற்றப்பட்டிருந்தால் நாய்கள் அதை அதிக நேரம் முகர்ந்தன என்று 2017இல் வந்த ஆய்வு காட்டியது.

தம்பியிடம் தொல்காப்பிய மரபியலையும் காட்டுங்கள். மக்களை ஆறறிவு உயிர் என்று சொன்ன கையோடு, "ஒருசார் விலங்கும் உளவென மொழிப" என்றும் சொல்கிறது.

அப்புறம் ஒன்று. அம்மா கட்டிய சேலை எதையாவது துவைக்காமல் வைத்திருந்தால், பூனை உட்காரும் இடத்தில் மடித்துப் போடுங்கள். என்ன செய்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.